பட்டன் பெட்டியில் ஸ்பானிஷ்

ஒரு சட்டையை நான் கெடுத்ததில் ஆரம்பித்தது இது. தை மாதம். மீனாட்சியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு ஸ்பெயின்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் கடைப்பக்கம் வந்தார்கள். அதில் ஒரு அம்மா, தான் போட்டிருந்த சட்டையைக் காட்டி, இதே மாதிரி சுங்குடித் துணியில் ஒன்று வேண்டுமென்று சைகையிலேயே சொல்லிவிட்டார். கைப்பகுதியை மட்டும் தொட்டு "லார்கோ, லார்கோ" என்றார். எனக்கு லார்ஜ் என்று காதில் விழுந்தது. நன்றாகத் தலையாட்டிவிட்டு, கையைத் தொளதொளவென்று வைத்துத் தைத்தேன். 'லார்கோ' என்றால் நீளம். அவருக்கு வேண்டியிருந்தது மணிக்கட்டு வரை வரும் கை; நான் கொடுத்தது முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும் இரண்டு பைகள். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் சிரித்தபடியே காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

எங்கள் கடை முன்பு புதுமண்டபத்தில் தூணோரம் இருந்தது. இப்போது குன்னத்தூர் சத்திரத்தில். அப்பா இரண்டே இரண்டு ஆங்கில வாக்கியங்களை வைத்து முப்பது வருஷம் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தைத்தவர்: "சேம் சேம்", "ஒன் அவர்". நான் பி.காம். முடித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தவன். ஆங்கிலம் ஓரளவு வரும். ஆனால் ஸ்பெயின்காரர்களில் பலருக்கு ஆங்கிலம் என்னைவிடக் கொஞ்சமாகத்தான் வருகிறது என்பதை அந்தச் சட்டைக்கு அப்புறம்தான் கவனித்தேன்.

ஸ்பானிஷ் கற்றுக்கொள்வோம் என்று முதலில் ஒரு நோட்டில் அறுபது வார்த்தை எழுதினேன். வரிசையாகப் படித்தால் எல்லாம் தெரியும். நடுவில் விரலை வைத்துக் கேட்டால் ஒன்றும் தெரியாது. பிறகு மகள் என் போனில் ஆங்கி என்ற செயலியைப் போட்டுக் கொடுத்தாள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று அட்டை அட்டையாகக் காட்டி மனப்பாடம் செய்யவைப்பது. 2006-இல் வந்தது, ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருளாம். நல்ல சாமான்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதில் யாரோ தயாரித்து வைத்திருந்த அட்டைத்தொகுப்பை இறக்கியதில் விமான நிலையம், வக்கீல், பல்கலைக்கழகம் என்று வந்துகொண்டே இருந்தது. எனக்கு வேண்டியது ஊசி, நூல், கழுத்துப்பட்டி. போதாக்குறைக்குத் தைக்கும்போது போன் எப்போதும் துணிக்கு அடியில்தான் கிடக்கும். அதை எடுத்தால் வாட்ஸ்அப்பும் சேர்ந்து வரும்.

சரி, அந்த மாதிரி அட்டைகளைக் கையாலேயே செய்வோம் என்று இறங்கினேன்.

சட்டைக்குள் வைத்து மடிக்கிற அட்டைதான் கடையில் மலிவாகக் கிடக்கும். அதை வெட்டினேன். நாற்பது அட்டை அடுக்கினால் செங்கல் கனம் வந்தது, கலைத்துப்போடவும் முடியவில்லை. அடுத்து, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம் ஒன்றில் ஓரம் வெட்டிப் போட்ட துண்டுகளை வாங்கி வந்தேன். வழவழப்பான ஆர்ட் கார்டு. ஜெல் பேனா அதில் காயவே காயாது. சித்திரை வெயிலில் வியர்த்த விரல் பட்டால் 'நூல்' பாதி அழிந்து 'நூ' என்று நிற்கும். கடைசியில் பளபளப்பில்லாத, சொரசொரப்பான அட்டையும் சாதாரண பால்பாயிண்ட் பேனாவும்தான் ஒத்துவந்தன. விசிட்டிங் கார்டு அளவு. மார்க்கர் பேனாவை யாரும் தொடாதீர்கள். பின்பக்கம் ஊறி விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். எண்பது அட்டையை அப்படி வீணடித்தேன்.

ஸ்பானிஷில் பொருள்களுக்கெல்லாம் ஆண்பால் பெண்பால் உண்டு. நூல் ஆண், ஊசி பெண். ஆண்பாலுக்கு முன்னால் 'எல்', பெண்பாலுக்கு முன்னால் 'லா' வரும்: 'எல் ஈலோ', 'லா அகூஹா'. துணி பெண், பட்டன் ஆண், பாக்கெட் ஆண், சட்டைக்கை பெண். தமிழில் இவை எல்லாமே அஃறிணை. நமக்கு இது தலையில் ஏறாது. கலர் பேனாவில் எழுதிப் பார்த்தேன். நீலமா சிவப்பா என்பதே மறந்துபோனது. அப்போதுதான் மேசையில் கிடந்த ஜிக்ஜாக் கத்தரி கண்ணில் பட்டது. துணி ஓரம் பிரியாமலிருக்கப் பல்லுப்பல்லாக வெட்டுவோமே, அது. பெண்பால் அட்டைகளின் ஓரத்தை மட்டும் அதால் வெட்டினேன். ஆண்பாலுக்கு நேர் ஓரம். ஒரு வாரத்தில் விரலுக்குப் பழகிவிட்டது. துணி என்கிற 'தேலா'வை நினைத்தாலே கட்டைவிரலில் அந்தப் பல் உறுத்துகிற மாதிரி இருக்கும், 'லா' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த ஒன்றை மட்டும் நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

தொழில்காரர்கள் இதைப் படித்துப் பல்லைக் கடிப்பார்கள் என்று தெரியும். துணி வெட்டுகிற கத்தரியில் காகிதம் வெட்டினால் முனை மழுங்கிப்போகும். அப்பா இருந்தால் அதே கத்தரியால் என் காதை வெட்டியிருப்பார். ஏற்கெனவே கீழே விழுந்து வாய் கோணிய பழைய கத்தரியைத்தான் பயன்படுத்தினேன்.

விதிவிலக்குகள் சுவாரசியமாக இருந்தன. 'ஓ' ஒலியில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால், 'ஆ' ஒலியில் முடிந்தால் பெண்பால் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஆனால் கை என்கிற 'மானோ' பெண்பால். நாள் என்கிற 'தியா' ஆண்பால். தண்ணீர் இன்னும் மோசம்: 'ஆகுவா' பெண்பால்தான், ஆனால் ஒருமையில் 'எல் ஆகுவா' என்றுதான் சொல்ல வேண்டும், அழுத்தமான 'ஆ' ஒலியில் தொடங்குவதால். அந்த அட்டைக்கு ஒரு பக்கம் நேர் ஓரமும் மறுபக்கம் ஜிக்ஜாக்கும் வைத்தேன்.

அதற்குப் பிறகு செய்த தப்பு பெரிய தப்பு. ஸ்பானிஷ் வார்த்தையைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். வாசிக்கச் சுலபமாக இருக்கும் என்று நினைப்பு. நம் எழுத்தில் 'க' ஒன்றுதான், 'ப' ஒன்றுதான். பம்பரத்துக்கும் பஸ்ஸுக்கும் அதே 'ப'. ஸ்பானிஷில் பம்பரத்துப் ப போட்டுப் 'பேசோ' என்றால் எடை, மெக்சிகோவில் காசு. பஸ்ஸின் ப போட்டால் முத்தம். அந்தக் கண்டத்திலிருந்து தப்பினேன், மாட்டியது வேறொன்றில். குட்டை என்பதற்கு ஒரு வார்த்தை, குண்டு என்பதற்கு ஒரு வார்த்தை. தமிழில் எழுதினால் இரண்டுமே 'கோர்தோ'. கோயிலின் கோவா, கோவிந்தாவின் கோவா என்பதுதான் வித்தியாசம். பெரிய வயிறுள்ள ஒருவர் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்ப்பகுதி இரண்டு அங்குலம் மேலேறி நின்றது. இது உங்களுக்குக் குட்டையாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, கோவிந்தாவின் கோவைப் போட்டுவிட்டேன். அவர் குனிந்து வயிற்றைப் பார்த்தார். அவர் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்றிரவே நூற்றுச்சொச்சம் அட்டைகளைக் கிழித்துப்போட்டு, ஸ்பானிஷை அதன் சொந்த எழுத்திலேயே எழுத ஆரம்பித்தேன். உச்சரிப்புக்குப் போனில் வருகிற குரல்தான் வாத்தியார்.

உச்சரிப்பில் நமக்குக் கொடுப்பினை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய 'த' நம் 'த' போலப் பல்லைத் தொட்டு வருகிறது, ஆங்கிலத்தின் 'ட' இல்லை. இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும்போது 'அது' என்பதில் வருகிற து போல மெத்தென்று ஆகிறது, அதுவும் நம்மைப் போலவே. மஞ்சளில் வருகிற ஞகர ஒலிக்குத் தனி எழுத்தே வைத்திருக்கிறார்கள். நாளைக்கு என்பது 'மஞானா'. காலை என்பதும் அதுவே. தையல்காரன் தினமும் சொல்கிற வார்த்தை, அதனால் அந்த அட்டை முதல் நாளே தேறிவிட்டது.

சில அட்டைகள் எழுதும்போதே தேறிவிட்டன. மேசை 'மேசா'. துவாலை 'தோவாயா'. அலமாரி 'ஆர்மாரியோ'. பொத்தான் 'போத்தோன்'. மேஸ்திரி 'மாயெஸ்த்ரோ'. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர்கள் விட்டுப்போன வார்த்தைகள். அவர்கள் மொழியும் ஸ்பானிஷும் அக்கா தங்கை. இந்த ஜோரில் பேனாவும் 'பேனா'வாகத்தான் இருக்கும் என்று நானாக எழுதிவைத்தேன். ஸ்பானிஷில் 'பேனா' என்றால் துக்கம்.

இவ்வளவும் செய்தும் மூன்று மாதம் கழித்து ஒரு வாக்கியம் வரவில்லை. காரணம் அட்டையின் முன்பக்கத்தில் இருந்தது. ஸ்பானிஷ் கற்றுத்தருகிற எல்லாமே ஆங்கிலத்தில் கிடைப்பதால் முன்பக்கம் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். 'ஐ லைக்' என்று முன்பக்கம். பின்பக்கம் 'மே குஸ்தா'. எப்போது எடுத்தாலும் வாயில் 'யோ குஸ்தோ' என்றே வந்தது. 'ஐ' என்றால் 'யோ' ஆயிற்றே. பத்து முறை தப்பினேன். ஒருநாள் எரிச்சலில் ஆங்கிலத்தை அடித்துவிட்டு 'எனக்குப் பிடிக்குது' என்று எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் விளங்கிவிட்டது. 'மே' என்றால் 'எனக்கு'. 'குஸ்தா' என்றால் 'பிடிக்குது'. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே உட்கார்ந்தது. நான் என்பதற்கு அங்கே வேலையே இல்லை, தமிழிலும் இல்லை. ஆங்கிலத்தை நடுவில் உட்காரவைத்து நானேதான் சிக்கலாக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத் தைக்க வேண்டிய நாலு உருப்படியை ஓரமாக வைத்துவிட்டு இதையே செய்துகொண்டிருந்தேன். 'மே துவேலே லா கபேசா' — எனக்குத் தலை வலிக்குது. 'மே ஃபால்தா உன் போத்தோன்' — எனக்கு ஒரு பட்டன் குறையுது. 'மே அப்ரியேத்தா' — எனக்கு இறுக்குது. தையல்காரனுக்கு லட்டு மாதிரி ஒன்று கிடைத்தது: 'லே கேதா பியென்'. உங்களுக்கு நல்லா இருக்கு. 'லே' என்றால் உங்களுக்கு. 'லே கேதா கிராந்தே' என்றால் உங்களுக்குப் பெரிசா இருக்கு. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல 'ஃபிட்ஸ் யூ' என்று போக வேண்டும். நமக்கு அந்தச் சுற்றே வேண்டாம்.

இன்னொன்று: பேசுறேன் என்றால் நான்தான் பேசுகிறேன் என்று கடைசியில் வரும் 'ஏன்' சொல்லிவிடும். ஸ்பானிஷிலும் 'ஆப்லோ' என்றால் போதும், 'யோ' தேவையில்லை. ஆங்கில அட்டையில் ஒவ்வொரு வினைக்கும் முன்னால் 'ஐ' நின்றதால் நான் 'யோ, யோ' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நீ, நீங்க வித்தியாசமும் 'தூ', 'உஸ்தேத்' என்று நமக்குப் பழகின மாதிரியே இருக்கிறது. 'யூ' என்று எழுதிய அட்டையில் இது இரண்டில் எது என்று எப்படித் தெரியும்?

இருந்த அட்டைகளின் முன்பக்கத்தை எல்லாம் தமிழாக்க மூன்று வாரம் ஆனது. படித்த தமிழ் இல்லை, கடையில் பேசுகிற தமிழ். 'பொருந்துகிறது' என்று எழுதினால் எனக்கே நாக்கு வராது.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுத்தது என்று சொல்லமாட்டேன். 'இரு' என்பதற்கு ஸ்பானிஷில் இரண்டு வினை. 'துணி ஈரமா இருக்கு' என்றால் 'எஸ்தா'. 'இந்தத் துணி பருத்தி' என்றால் 'எஸ்'. தமிழில் இருக்கு வந்தால் 'எஸ்தா', வராவிட்டால் 'எஸ்' என்று ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருந்தேன். 'கடை சின்னதா இருக்கு' என்பதில் கவிழ்ந்தது. அங்கே 'எஸ்' வரவேண்டும். கடை இன்றைக்குச் சின்னதாக இருந்துவிட்டு நாளைக்குப் பெரிதாகப் போவதில்லையே. ஆனாலும் முக்கால்வாசி இடத்தில் அந்த வழி உதவத்தான் செய்கிறது. 'எஸ்தா லிஸ்தோ' என்றால் தயாரா இருக்கு. 'எஸ் லிஸ்தோ' என்றால் ஆள் கெட்டிக்காரன். சட்டையைக் கையில் கொடுக்கும்போது எது சொல்ல வேண்டும் என்பதில் ஜாக்கிரதையாக இருக்கிறேன்.

பெட்டிக்கு வருவோம். பட்டன் வைக்கிற பழைய மரப்பெட்டி ஒன்று, நீளவாக்கில் ஐந்து அறை. புது அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு ஏறும். தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்ப வரும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை ஒன்றுவிட்டு ஒரு நாள், மூன்றாவதை வெள்ளிக்கிழமை, நாலாவதை அமாவாசை, கடைசி அறையை இரண்டு அமாவாசைக்கு ஒருமுறை எடுப்பேன். அமாவாசை என் சொந்தச் சேர்க்கை. பெட்டி முறை 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் ஜெர்மன் மொழியில் எழுதிப் பரப்பியது. மறதியை முதலில் அளந்து பார்த்தவர் அதற்கும் முன்னால் இருந்தார்: எபிங்ஹவுஸ், 1885. அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார். மறந்ததைத் திரும்பப் படிக்க முதல் முறையைவிடக் குறைந்த நேரமே ஆகும் என்பதும் அவர் கண்டதுதான். முதல் அறைக்கு அட்டை திரும்பி விழும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

ஆர்வத்தில் தினம் இருபத்தைந்து புது அட்டை சேர்த்தேன். சித்திரைத் திருவிழா வந்தது. கடையில் நிற்க நேரமில்லை, அழகர் ஆற்றில் இறங்கித் திரும்பிப் போகும்வரை பெட்டியைத் திறக்கவே இல்லை. திறந்தபோது பார்க்க வேண்டிய அட்டை இருநூற்றுக்கு மேல். ஒரே ராத்திரியில் முடிக்க உட்கார்ந்து பாதியில் தூங்கிவிட்டேன். அதிலிருந்து தினம் ஐந்து புதுசு, அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. பாக்கி விழுந்தால் புதுசை நிறுத்திவிடுவேன்.

எதிர்பாராத ஒரு கோளாறும் இருந்தது. டீக்கறை பட்ட அட்டை என்றால் திமிள், அதாவது விரலில் மாட்டுகிற கவசம். முனை மடிந்தது என்றால் கழுத்துப்பட்டி. எழுத்தைப் படிக்காமலேயே சரியாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இதைக் கண்டுபிடித்தவன் கடையில் காஜா எடுக்கிற தம்பி.

"அண்ணே, நீங்க கறையத்தான் படிக்கிறீங்க" என்றான்.

கறை பட்டதை எல்லாம் புதிதாக எழுதினேன். பாதிதான் தேறியது. அதற்குப் பிறகு அட்டையைப் பிடிக்கிற வேலை அவனுடையது. ஒருநாள் தமிழைக் காட்டுவான், ஸ்பானிஷ் சொல்ல வேண்டும், மறுநாள் தலைகீழாக. ஒரு பக்கம் மட்டும் பழகினால் காதில் விழுந்தது புரியும், வாயில் ஒன்றும் வராது. காஜா போட்டுக்கொண்டே பிடித்துக் காட்டியதில் அவனுக்கு என்னைவிட அதிகம் வந்துவிட்டது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

போன மார்கழியில் ஒரு கூட்டம் வந்தது. இருவர் மெக்சிகோக்காரர்கள் என்று சொன்னார்கள். அட்டையில் ஒவ்வொன்றாக வருகிற வார்த்தை, ஆள் பேசும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் வருகிறது. அதில் ஒரு பெண் சொன்னதில் முக்கால்வாசி என் தலைக்கு மேல் போனது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் 'மங்காஸ் மாஸ் லார்காஸ்' என்று காதில் விழுந்தது. கை, இன்னும், நீளமா. டேப்பை மணிக்கட்டில் வைத்து "அஸ்தா ஆக்கீ?" என்றேன். இதுவரைக்குமா? "ஆக்கீ, ஆக்கீ!" என்று அவர் தலையாட்டினார். இருபத்திரண்டரை அங்குலம் என்று குறித்துக்கொண்டேன். மறுநாள் போட்டுப் பார்த்துவிட்டு அவரே "மே கேதா பியென்" என்றார். பக்கத்தில் தம்பி பட்டன் தைத்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கி, "எனக்கு நல்லா இருக்குங்கிறாங்கண்ணே" என்று எனக்கே மொழிபெயர்த்தான்.

இப்போது பெட்டியில் நானூற்றிப் பன்னிரண்டு அட்டை. பாதிக்கு மேல் கடைசி இரண்டு அறைகளில் இருக்கின்றன. மூன்று அட்டைகள் மட்டும் ஒரு வருஷமாக முதல் அறையை விட்டு நகரவில்லை. தோள் 'ஓம்ப்ரோ', ஆம்பளை 'ஓம்ப்ரே', பசி 'ஆம்ப்ரே'. ஒரு அம்மாவுக்குத் தோள் அளவு எடுக்கும்போது "ஓம்ப்ரே, பதினாலரை" என்று சொல்லி, அவர் திரும்பித் தன் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்க்கவைத்திருக்கிறேன். மூன்றையும் ஒரே அட்டையில் எழுதிப் பார்த்தேன், தனித்தனியாகப் பிரித்தும் பார்த்தேன். தோள் அட்டையில் தோள் படம்கூட வரைந்தாயிற்று.

நேற்று சாயங்காலம் தம்பி முதல் அறையிலிருந்து ஒன்றை உருவிக் காட்டினான். தோள். நான் கண்ணை மூடிக்கொண்டு நன்றாக யோசித்து, "ஆம்ப்ரே" என்றேன்.

அவன் அட்டையைத் திருப்பக்கூட இல்லை. "பசிக்குதாண்ணே? வடை வாங்கியாரவா?"